கடவுச்சொல்லும் செல்லும், சான்றிதழும் செல்லும்: ஒரே வலைச்சேவையில் பல அங்கீகார முறைகள்

யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு பல வருடங்களாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது ஒரு வலைச்சேவை. ஒருநாள் புதிதாக ஒரு கிளையன்ட், அதாவது சேவையைக் கூப்பிடும் வெளி நிரல், வந்து சேர்கிறது. “எங்கள் பக்கம் பாஸ்வேர்டைக் கோப்பில் எழுதி வைக்கக் கூடாது என்று விதி. சான்றிதழ் காட்டுகிறோம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கான்ஃபிக் கோப்பைத் திறக்கிறார். கிளையன்ட் சான்றிதழை, அதாவது நம்பகமான ஒருவர் கையெழுத்திட்ட மின்னணு அடையாள அட்டையை, கட்டாயமாக்கினால் பழைய ஆட்கள் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். எனவே ‘ஆப்ஷனல்’ என்று போடுகிறார். ரீலோட் செய்கிறார். புதியவரும் உள்ளே வருகிறார், பழையவர்களும் வருகிறார்கள். டிக்கெட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

அந்த ஒரு சொல் மாறியதில் என்ன நடந்தது? ‘கட்டாயம்’ என்றிருந்தால் தகுதியில்லாதவரைத் திருப்பியனுப்பும் வேலை சர்வருடையது. ‘ஆப்ஷனல்’ என்றதும் சர்வர், “இவர் சான்றிதழ் காட்டினார்” அல்லது “காட்டவில்லை” என்று ஒரு குறிப்பு எழுதி உள்ளே அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்தக் குறிப்பைப் படித்து முடிவெடுக்க வேண்டியவர் இனி வேறு யாரோ. அந்த ‘யாரோ’ யார் என்று தீர்மானிக்காமல் விட்ட இடங்களில்தான் நான் பார்த்த ஓட்டைகளில் பாதி இருந்தன. இன்னொரு முறையைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. மறுக்கும் பொறுப்பு கைமாறும்போது நழுவாமல் பார்த்துக்கொள்வதுதான் மீதி வாரம் முழுவதும்.

401 என்ற பேரம்

வலைச்சேவைகள் பேசும் நெறிமுறையான எச்டிடிபியில் இதற்கென்றே ஒரு பேச்சுவார்த்தை முறை உண்டு. கிளையன்ட் வெறுங்கையோடு வந்து கேட்கும். சர்வர் 401 என்ற எண்ணோடு திருப்பும். கூடவே ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆத்தென்டிகேட்’ என்ற ஹெட்டரில் (செய்தியின் தலைப்பு வரியில்) தனக்குச் சம்மதமான முறைகளைச் சொல்லும். ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றில்லை, நான்கும் சொல்லலாம். கிளையன்ட் தனக்குப் புரிந்தவற்றுள் பலமானதைத் தேர்ந்துகொண்டு ‘ஆத்தரைசேஷன்’ ஹெட்டரில் விடையோடு மறுபடி வர வேண்டும். கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியில் ‘எனிஆத்’ என்ற தேர்வைக் கொடுத்துப் பார்த்தால் இந்த இரண்டு நடையும் கண்முன்னே தெரியும்.

பெயர்களில் ஒரு பழைய குழப்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 401க்கு ‘அன்ஆத்தரைஸ்டு’ என்று பெயர். ஆனால் அது சொல்வது “நீ யாரென்று தெரியவில்லை” என்பதை. “யாரென்று தெரியும், ஆனாலும் கிடையாது” என்பதற்கு 403. அடையாளத்தைச் சுமந்து வரும் ஹெட்டருக்கு அனுமதியின் பெயர். இதனால் இரண்டு எண்களையும் மாற்றிப் போடுபவர்கள் ஏராளம். பல முறைகளை ஏற்கும் சேவையில் இது வெறும் பெயர்ப் பிழையாக நிற்பதில்லை. 403 வந்தால் கிளையன்ட் நூலகம் தன்னிடமுள்ள பாஸ்வேர்டை எடுக்கவே எடுக்காது, யாரும் கேட்கவில்லையே.

இதைவிட அதிகம் பார்ப்பது 302. வலைப்பக்கத்துக்கு எழுதிய லாகின் ஏற்பாட்டின் கீழேயே, நிரல்கள் வந்து பேசும் வாசலான ஏபிஐயையும் வைத்துவிடுகிறார்கள். அடையாளம் இல்லாமல் வரும் யாரையும் அது லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். கிளையன்ட் நிரல் சமர்த்தாக அங்கே போகும். 200 என்ற நல்ல எண்ணோடு எச்டிஎம்எல் பக்கம் ஒன்று கைக்கு வரும். அதை ஜேசான் வடிவத் தரவு என்று நம்பிப் பிரிக்க முயன்று, முதல் எழுத்திலேயே ‘எதிர்பாராத குறி’ என்று விழும். அந்தக் குறி எச்டிஎம்எல்லின் முதல் கோண அடைப்பு. ஜேசான் பிழை என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தேடியவர்களில் நானும் ஒருவன். அங்கே இருந்தது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்ட 401.

முறைகளில் மூத்தது பேசிக். 1996ஆம் ஆண்டு எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இருக்கிறது. யூசர்நேம், ஒரு முக்காற்புள்ளி, பாஸ்வேர்ட் மூன்றையும் ஒட்டி பேஸ்64 எழுத்துகளாக மாற்றி அனுப்புவது. இது பூட்டு அல்ல. வேறு எழுத்தில் எழுதுவது மட்டுமே, யாரும் திருப்பிப் படிக்கலாம். நடுவில் முக்காற்புள்ளி பிரிகோடாக நிற்பதால் யூசர்நேமுக்குள் அது வரக்கூடாது. இந்த விதி சான்றிதழ்ப் பெயர்களை யூசர்நேமாகப் பயன்படுத்தும்போது காலை வாரும். அந்த ஆவணம் தரும் உதாரணத்தில் யூசர்நேம் அலாவுதீன், பாஸ்வேர்ட் ‘ஓப்பன் செசமி’. ‘திறந்திடு சீசேம்’ அலிபாபா குகையின் சொல் என்பது கதை கேட்ட குழந்தைக்கும் தெரியும். கதையை மாற்றிப் போட்ட அந்த உதாரணம் 2015ல் வந்த ஆர்எஃப்சி 7617 என்ற இணையத் தர ஆவணம் வரை அப்படியே தொடர்கிறது.

1997ல் வந்த டைஜஸ்ட், பாஸ்வேர்டைக் கம்பியில் அனுப்பாமல் அதன் ஹாஷை, அதாவது திருப்பிப் படிக்க முடியாத ஒரு சுருக்கத்தை, அனுப்பியது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சர்வர் அந்த ஹாஷைத் தானும் கணக்கிட வேண்டுமானால் மூல பாஸ்வேர்டோ, யூசர்நேம்-ரெல்ம் (பாதுகாத்த பகுதியின் பெயர்)-பாஸ்வேர்ட் மூன்றும் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட ஹாஷோ அதனிடம் இருந்தாக வேண்டும். பாஸ்வேர்டுகளை பிகிரிப்ட் போன்ற வேறு ஹாஷ் முறையில் சேமித்து வைத்திருப்பவர், ‘இதையும் சேர்ப்போம்’ என்று டைஜஸ்டைச் சேர்க்க முடியாது. அதற்காகச் சேமிப்பைப் பலவீனமாக்க வேண்டியிருக்கும். வழியைப் பாதுகாக்கப் போய்க் களஞ்சியத்தைத் திறந்து வைத்த கதை. இணைப்பையே மறையாக்கும் டிஎல்எஸ் எல்லா இடத்திலும் வந்துவிட்ட பிறகு இதைப் புதிதாகச் சேர்க்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

நிறுவன உள்வலைகளில் ‘நெகோஷியேட்’, அதாவது பெரும்பாலும் கெர்பரோஸ் என்ற டிக்கெட் முறை, இன்னும் உயிரோடு இருக்கிறது. இரு பக்கக் கடிகாரங்களுக்கும் இடையே ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் வழக்கமான அமைப்பில் அது வேலை செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினைகள் தீரும்.

சான்றிதழ் வேறு தளத்தில் நடக்கிறது

பேசிக், டோக்கன் (முன்பே வாங்கி வைத்த நுழைவுச் சீட்டு) எல்லாம் எச்டிடிபிக்குள் நடப்பவை. கிளையன்ட் சான்றிதழ் அப்படியல்ல. அது அதற்குக் கீழே, டிஎல்எஸ் கைகுலுக்கலில் நடக்கிறது. கிளையன்ட் எந்தப் பாதையைக் கேட்கப் போகிறது, எந்த ஹெட்டரைக் கொண்டுவருகிறது என்பதெல்லாம் சர்வருக்குத் தெரிவதற்கு முன்பே சான்றிதழ் கேட்டாக வேண்டும். ‘இந்தப் பாதைக்குச் சான்றிதழ், அந்தப் பாதைக்கு பாஸ்வேர்ட்’ என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதற்கு இதுதான் காரணம்.

முன்பு ஒரு வழி இருந்தது. இணைப்பு ஏற்பட்ட பிறகு பாதையைப் பார்த்துவிட்டு, ‘மறுபடி கைகுலுக்குவோம், இம்முறை சான்றிதழோடு வா’ என்று சர்வர் கேட்கலாம். ரீநெகோஷியேஷன் என்று பெயர். 2009ல் இதில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது: நடுவில் இருப்பவர் தன் கோரிக்கையின் முன்பாதியை முதலில் அனுப்பிவிட்டு, உண்மையான கிளையன்டின் கைகுலுக்கலை அதன்பின் ஒட்டவைக்க முடிந்தது. சான்றிதழ் வந்ததும் முன்பாதியும் உண்மையான கிளையன்டுடையதே என்று சர்வர் எடுத்துக்கொண்டது. 2010ல் ஆர்எஃப்சி 5746 அதை அடைத்தது. 2018ல் வந்த டிஎல்எஸ் 1.3 ரீநெகோஷியேஷனையே தூக்கி எறிந்துவிட்டு, கைகுலுக்கலுக்குப் பிறகு சான்றிதழ் கேட்கும் தனி ஏற்பாடு ஒன்றைக் கொடுத்தது. எச்டிடிபி 2ல் அதற்கும் தடை, ஏனென்றால் ஒரே இணைப்பில் பல கோரிக்கைகள் கலந்து ஓடும்போது, நடுவில் கேட்ட சான்றிதழ் எந்தக் கோரிக்கைக்கு என்று சொல்ல முடியாது.

ஆக, எனக்குத் தெரிந்த சுத்தமான ஏற்பாடு ஒன்றுதான்: சான்றிதழ்காரர்களுக்குத் தனி ஹோஸ்ட்நேம். உள்ளே அதே நிரல், அதே தரவு. வாசல் மட்டும் வேறு. அந்த வாசலில் சான்றிதழ் கட்டாயம். பழைய வாசலில் சான்றிதழ் என்ற பேச்சே இல்லை. ‘ஆப்ஷனல்’ என்ற சொல் எங்கும் வராது. உலாவியில் வருபவர்களுக்கும் இது நிம்மதி. ஆப்ஷனலாகக் கேட்டாலும், கணினியில் பொருத்தமான சான்றிதழ் இருந்தால் ‘எந்தச் சான்றிதழைக் காட்டட்டும்?’ என்ற பெட்டி சம்பந்தமே இல்லாதவர் முன்னால் வந்து நிற்கும். அவர் மிரண்டு போய் நம்மைக் கூப்பிடுவார். இன்னொரு தளத்திலிருந்து உலாவி அனுப்பும் ‘ஆப்ஷன்ஸ்’ என்ற முன்விசாரணைக் கோரிக்கை எந்த அடையாளத்தையும் சுமந்து வராது. சான்றிதழும் அதில் இருக்காது. ஒரே வாசலில் சான்றிதழைக் கட்டாயமாக்கியவர்கள் முதலில் இதில்தான் இடறுவார்கள்.

தனி வாசலுக்கு வழியில்லை, ஆப்ஷனல்தான் என்றால், அந்தச் சொல்லின் பொருளை உங்கள் சர்வரின் மொழியில் படித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின்எக்ஸ் என்ற வலை சர்வரில் ‘ஆப்ஷனல்’ என்றால், காட்டிய சான்றிதழ் கெட்டதாக இருந்தால் 400 சொல்லித் திருப்பிவிடும். காட்டவே இல்லையென்றால் ‘நன்’ என்று குறித்துக்கொண்டு விட்டுவிடும். அதற்குப் பக்கத்திலேயே ‘ஆப்ஷனல் நோ சிஏ’ என்று இன்னொன்று இருக்கிறது (சிஏ என்றால் சான்றிதழில் கையெழுத்திடும் அமைப்பு). அது, யார் கையெழுத்திட்டது என்று தெரியாத சான்றிதழையும் உள்ளே விடும். சரிபார்ப்பது முழுக்கப் பின்னால் உள்ள நிரலின் வேலை. சோதனையின்போது ‘சிஏ கோப்பு பிழை சொல்கிறது, இதை வைத்தால் போகிறது’ என்று இரண்டாவதைப் போட்டு, அதையே உற்பத்திக்கும் ஏற்றிய இடம் எனக்குத் தெரியும். தன் கையாலேயே சான்றிதழ் செய்துகொண்டு வரும் யாரும் அங்கே நுழையலாம் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

‘சான்றிதழ் இருந்தால் விடு, இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் கேள்’ என்பதை எஞ்சின்எக்ஸில் எழுத வரும் எல்லோரும் முதலில் எடுப்பது ‘சாட்டிஸ்ஃபை எனி’ கட்டளையை. பெயரைப் பார்த்தால் இதற்கென்றே செய்தது போலிருக்கும். ஆனால் ஐபி முகவரிக் கட்டுப்பாடு, பேசிக், உபகோரிக்கை வழிச் சோதனை போன்றவற்றுக்கு இடையில்தான் அது ‘ஏதாவது ஒன்று’ பார்க்கும். சான்றிதழ்ச் சோதனை அந்தக் கூட்டத்திலேயே இல்லை. வேலை செய்யும் வழி வேறு: சான்றிதழ்ச் சோதனையின் முடிவை ஒரு ‘மேப்’ (மதிப்புக்கு மதிப்பு பொருத்தும் அட்டவணை) வழியாக மாறியாக்கி, முடிவு ‘சக்ஸஸ்’ என்றால் பேசிக்கை ‘ஆஃப்’ செய்வது, மற்ற எல்லா நிலையிலும் பேசிக்கை இயக்குவது. ‘மற்ற எல்லா நிலையிலும்’ என்பதுதான் இதில் உயிர்நாடி. ‘நன்’ என்றால் பாஸ்வேர்ட் கேள், மற்றபடி விடு என்று தலைகீழாக எழுதினால், ‘ஆப்ஷனல் நோ சிஏ’ இருக்கும் இடத்தில் தோற்றுப்போன சான்றிதழும் உள்ளே வந்துவிடும்.

அப்பாச்சி சர்வரில் இது இன்னும் நேரடி. ‘ரிக்வயர் எனி’ என்ற கட்டுக்குள், சரிபார்த்த சான்றிதழ் என்று ஒரு வரி, செல்லுபடியான யூசர் என்று ஒரு வரி. இரண்டில் ஒன்று போதும்.

உள்ளே வந்தவர் பெயர் என்ன

மேலே சொன்ன எஞ்சின்எக்ஸ் ஏற்பாட்டையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். சான்றிதழ் சரி, பேசிக் ஆஃப், கோரிக்கை பின்னால் உள்ள நிரலுக்குப் போகிறது. வந்தவர் யார் என்று நிரலுக்குத் தெரிய வேண்டுமே? பழைய கான்ஃபிகில் ஒரு வரி ஏற்கெனவே இருக்கும்: ‘ரிமோட் யூசர்’ என்ற மாறியை ஒரு ஹெட்டரில் போட்டு அனுப்பும் வரி. பாஸ்வேர்ட் காலத்தில் அது சரியாகவே இருந்தது. ஆனால் எஞ்சின்எக்ஸ் அந்த மாறியைப் பேசிக் ஹெட்டரிலிருந்து பிரித்தெடுக்கிறது. பாஸ்வேர்டைச் சரிபார்த்ததா இல்லையா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பேசிக் ஆஃப் ஆகியிருந்தாலும் ஹெட்டர் வந்தால் பெயரை எடுத்துக்கொடுக்கும்.

இப்போது யோசியுங்கள். கடைநிலை உரிமை மட்டும் உள்ள ஒரு கிளையன்ட், தன் நல்ல சான்றிதழைக் காட்டுகிறது. கூடவே பேசிக் ஹெட்டரில் யூசர்நேம் ‘அட்மின்’, பாஸ்வேர்ட் வாய்க்கு வந்தது ஏதோ. சான்றிதழ் சரி என்பதால் பாஸ்வேர்டை யாரும் பார்ப்பதில்லை. ‘ரிமோட் யூசர்’ அட்மின் ஆகிறது. பின்னால் உள்ள நிரல் ‘முன்னால் இருப்பவர் சரிபார்த்துவிட்டார்’ என்று நம்பி அட்மினுக்கு உரிய எல்லாவற்றையும் தருகிறது. இரண்டு முறைகளும் தனித்தனியே பழுதில்லாதவை. ஒருவர் அடையாளத்தைச் சரிபார்த்தார், இன்னொருவர் பெயரைச் சொன்னார். இடையில் புகுந்துகொண்டது பொய்.

திருத்தம் எளிது: பெயர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அதே ‘மேப்’பில் தீர்மானிக்க வேண்டும். சான்றிதழ் வழி வந்தால் பெயர் சான்றிதழிலிருந்து மட்டும். பேசிக் வழி வந்தால் பேசிக்கிலிருந்து மட்டும். நேர்மையான கிளையன்டாக இருந்தாலும் இதைச் செய்தாக வேண்டும். ஒரு வேலையில் சேர்ந்தபோது லாகைத் திறந்தால், சான்றிதழில் வருபவர்கள் எல்லோருக்கும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிறு கோடு. மாதக்கணக்காக யார் என்ன செய்தார்கள் என்பதற்குப் பதிவே இல்லை.

சான்றிதழிலிருந்து பெயரை எடுப்பதிலும் சூது உண்டு. ஜாவா நிரல்களுக்கான ஸ்பிரிங் செக்யூரிட்டி சட்டகத்தின் சான்றிதழ் ஏற்பாடு, வேறு எதுவும் சொல்லாவிட்டால், சான்றிதழின் ‘காமன் நேம்’ பகுதியை எடுத்து அதையே யூசர்நேமாகக் கொள்ளும். பாஸ்வேர்ட் பட்டியலில் ஏற்கெனவே ‘ரிப்போர்ட்ஸ்’ என்று ஒரு யூசர் இருக்கிறார் என்று வைப்போம். நீங்கள் நம்பும் சிஏ நாளை வேறு யாருக்கோ ‘ரிப்போர்ட்ஸ்’ என்ற பெயரில் சான்றிதழ் கொடுத்தால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். உங்கள் சொந்த சிஏ என்றால் பெயர் கொடுப்பது உங்கள் கட்டுப்பாட்டில். ஊர் பொதுவான சிஏவை நம்பியிருந்தால்? லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற பொது சிஏக்கள் கிளையன்ட் அங்கீகாரத்துக்கான பயன்பாட்டுக் குறிப்பைத் தங்கள் சான்றிதழ்களிலிருந்து நீக்குவதாக 2025ல் அறிவித்ததற்குப் பிறகு, பொது சான்றிதழை இதற்குப் பயன்படுத்தும் பழக்கம் தானாகவே ஒழியும். நல்லதே. சேவைக்கென்று ஒரு தனி சிஏ, அதிலிருந்து வரும் பெயர்களுக்குத் தனி முன்னொட்டு, பெயர்களையும் யூசர்களையும் இணைக்க வெளிப்படையாக எழுதிய ஓர் அட்டவணை: இவ்வளவும் இல்லாமல் காமன் நேமை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

இந்தக் குழப்பம் புதிதல்ல. அப்பாச்சியின் எஸ்எஸ்எல் பகுதியில் ‘ஃபேக் பேசிக் ஆத்’ என்று ஒரு வசதி உண்டு. சான்றிதழின் முழுப் பெயரை யூசர்நேமாகவும், ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல்லையே பாஸ்வேர்டாகவும் வைத்து, பேசிக் வந்ததுபோல் நடிக்கும். பாஸ்வேர்ட் கோப்பில் எல்லோருக்கும் ஒரே ஹாஷ். அப்படியானால் சான்றிதழே இல்லாமல் அந்த நீண்ட பெயரையும் ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல்லையும் தட்டச்சு செய்து ஒருவர் வந்தால்? அதைத் தடுப்பதற்கென்றே அதன் மூல நிரலில் தனியாக ஒரு சோதனை எழுதி, ஏன் எழுதினோம் என்று குறிப்பும் வைத்திருக்கிறார்கள். ஒரு முறையை இன்னொன்றின் வேடத்தில் அனுப்பினால், அந்த வேடத்தை வேறு யாரும் போட முடியாதபடி காவலும் வைக்க வேண்டும் என்பதை அந்தச் சில வரிகளில் பார்க்கலாம்.

முன்னால் பிராக்ஸி என்ற இடைநிலை சர்வர் நின்று டிஎல்எஸ்ஸை அங்கேயே முடித்துவிட்டால் இதே கதை இன்னொரு வடிவில் வரும். பின்னால் உள்ள நிரலுக்குச் சான்றிதழ் நேரடியாகத் தெரியாது. பிராக்ஸி அதை ஒரு ஹெட்டரில் எழுதித் தரும். 2023ல் வந்த ஆர்எஃப்சி 9440 இதற்கென்று ‘கிளையன்ட்-செர்ட்’ என்ற பொதுப் பெயரைக் கொடுத்தது. ஹெட்டர் என்பது யாரும் எழுதக்கூடிய காகிதம். வெளியிலிருந்து அதே பெயரில் வரும் ஹெட்டரை பிராக்ஸி முதலில் கிழித்துப் போட்டுவிட்டுத் தன்னுடையதை எழுத வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் வரும்போதும் கிழிக்க வேண்டும். இரண்டாவதைத்தான் மறக்கிறார்கள். பிராக்ஸியைத் தாண்டி நிரலை நேரடியாகத் தொட ஒரு போர்ட் திறந்திருந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண்.

எல்லோருக்கும் எல்லாமும் வேண்டாம்

சட்டகங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஜாவா சர்வ்லெட் உலகில் ஒரு வலைச்செயலிக்கு ஒரே ஒரு ‘லாகின் கான்ஃபிக்’தான்; பேசிக், டைஜஸ்ட், ஃபார்ம், சான்றிதழ் என்பவற்றில் ஒன்றைத்தான் அதில் எழுத முடியும். இரண்டு வேண்டுமென்றால் செயலியை இரண்டாக நிறுவ வேண்டும் அல்லது ஸ்பிரிங் செக்யூரிட்டி போன்றதைக் கொண்டுவந்து, பாதைவாரியாகத் தனித்தனி வடிகட்டிச் சங்கிலி போட வேண்டும். மைக்ரோசாஃப்டின் டபிள்யூசிஎஃப் சட்டகத்தில் டாட்நெட் 4.5 வந்த பிறகு, சேவை தன் முறைகளை ஐஐஎஸ் என்ற வலை சர்வரிடமிருந்து மரபாகப் பெறும்படி வைக்கலாம். ஏஎஸ்பி டாட்நெட் கோரில் கோரிக்கையைப் பார்த்து எந்த முறைக்கு அனுப்புவது என்று முடிவுசெய்யும் ‘பாலிசி ஸ்கீம்’ இருக்கிறது. கருவி எதுவானாலும் கேள்வி ஒன்றே: எந்த கிளையன்டுக்கு எந்த முறை?

இந்தக் கேள்விக்கு ஓஆத் (டோக்கன் கொடுத்து அனுமதி வழங்கும் தரம்) உலகம் கொடுத்த விடை எனக்குப் பிடிக்கும். டோக்கன் வாங்க வரும் கிளையன்ட் தன்னை நிரூபிக்கப் பல வழிகள் அங்கே உண்டு: ரகசியத்தைப் பேசிக் ஹெட்டரில் அனுப்பலாம், படிவத்தில் அனுப்பலாம், தன் தனித்திறவுகோலால் கையெழுத்திட்ட ஜேடபிள்யூடி என்ற டோக்கனை அனுப்பலாம், 2020ல் வந்த ஆர்எஃப்சி 8705க்குப் பிறகு டிஎல்எஸ் சான்றிதழும் காட்டலாம். சேவை இத்தனையையும் ஆதரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கிளையன்டும் பதிவு செய்துகொள்ளும்போது தன் முறை எது என்று சொல்லிவிடுகிறது. அதன்பிறகு அதற்கு அந்த ஒன்றுதான் செல்லும். 2012ஆம் ஆண்டின் மூல விவரக்குறிப்பு, ஒரே கோரிக்கையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் கட்டளையாகவே சொல்கிறது.

இந்த இரண்டு விதிகளையும் ஓஆத்துக்கு வெளியேயும் கடைப்பிடித்தால் போதும், பாதிச் சிக்கல் காணாமல் போகும். சான்றிதழுக்கு மாறிவிட்ட கிளையன்டின் பழைய பாஸ்வேர்ட் இன்னும் செல்லுகிறதென்றால், மாறியதால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. திருடுபவர் பாஸ்வேர்டைத்தான் திருடுவார். இரண்டு அடையாளம் ஒன்றாக வந்தால் ‘எது சரியோ அதை எடுத்துக்கொள்வோம்’ என்பது பெருந்தன்மை போலத் தெரியும். மேலே பார்த்த அட்மின் நாடகம் அந்தப் பெருந்தன்மையில் பிறந்ததுதான். கெட்டுப்போன சான்றிதழோடு நல்ல பாஸ்வேர்ட் வந்தால்? மறுக்க வேண்டும் என்பேன். காட்டியது ஒன்று தோற்றால் அடுத்ததற்கு இறங்கிப் போகக் கூடாது. காட்டாமல் இருப்பது வேறு, காட்டித் தோற்பது வேறு.

பேசிக் ஹெட்டரில் ஓஆத் ரகசியத்தை அனுப்புவதில் ஒரு முள் இருக்கிறது. ஐடியையும் ரகசியத்தையும் பேஸ்64 ஆக்குவதற்கு முன், படிவக் குறியீட்டு முறையில் மாற்ற வேண்டும் என்று விவரக்குறிப்பு சொல்கிறது. சாதாரண பேசிக்கில் இந்தப் படி இல்லை. இதைச் செய்யும் நூலகமும் உண்டு, செய்யாததும் உண்டு. ரகசியத்தில் எழுத்தும் எண்ணும் மட்டுமே இருக்கும்வரை வித்தியாசமே தெரியாது. ஒருநாள் ரகசியத்தை மாற்றும்போது அதில் ஒரு கூட்டல் குறியோ சதவீதக் குறியோ விழும். நேற்றுவரை ஓடியது இன்று ‘தவறான கிளையன்ட்’ என்று திரும்பும். ரகசியத்தை உருவாக்கும் நிரலில் எழுத்தையும் எண்ணையும் மட்டும் அனுமதித்துவிடுங்கள். நியாயம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

கையெழுத்திட்ட ஜேடபிள்யூடி எனக்கு மிகவும் பிடித்த முறை. ரகசியம் கிளையன்டை விட்டு நகர்வதே இல்லை. ஆனால் எந்தக் கையெழுத்து முறை என்பதை டோக்கனே தன் தலைப்பில் சொல்கிறது, அதை நம்பிவிடக் கூடாது. பொதுத் திறவுகோலை ரகசியமாகப் பாவித்து எச்மேக் (இரு பக்கமும் அறிந்த ஒரே ரகசியத்தால் போடும் முத்திரை) போட்டு ஏமாற்றுவது, ‘கையெழுத்தே இல்லை’ என்று சொல்லி நுழைவது ஆகிய தந்திரங்கள் 2015லேயே வெளிவந்துவிட்டன. கிளையன்டுக்கு எந்த முறை என்பதோடு எந்தக் கையெழுத்து என்பதையும் சேவையின் பதிவேட்டில் எழுதி வைத்தால் டோக்கனிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

குக்கியும் டோக்கனும் ஒரே ஏபிஐயில் சேரும்போது வேறு மாதிரி விபரீதம். டோக்கனை உலாவி தானாக அனுப்பாது என்பதால் டோக்கன் ஏபிஐக்கு சிஎஸ்ஆர்எஃப் காவல் (வேறு தளம் உலாவியைத் தூண்டிக் கோரிக்கை அனுப்பவைப்பதைத் தடுப்பது) தேவையில்லை என்று அணைத்துவிடுகிறார்கள், அது சரி. பிறகு ‘நம் வலைப்பக்கமும் இதே ஏபிஐயைக் கூப்பிடட்டும்’ என்று குக்கியையும் ஏற்கச் செய்கிறார்கள். அணைத்த காவலை மறுபடி போட யாருக்கும் நினைவிருப்பதில்லை. குக்கியை உலாவி தானே கொண்டுவந்து கொடுத்துவிடும், எந்தத் தளம் தூண்டினாலும் சரி. காவல் இருக்க வேண்டுமா என்பதைப் பாதை தீர்மானிக்கக் கூடாது, வந்த அடையாளம் தீர்மானிக்க வேண்டும்.

பழையதை மூடுதல்

புதிய முறை சேர்க்கும் எவரும் ‘பழையதைப் பிறகு எடுத்துவிடலாம்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பிறகு வருவதற்கு முதலில் வேண்டியது லாகில் ஒரு நெடுவரிசை: இந்தக் கோரிக்கை எந்த முறையில் வந்தது. யூசர் பெயர் மட்டும் இருந்தால் போதாது. சான்றிதழுக்கு மாறிவிட்டதாகச் சொல்லும் கிளையன்ட், இரவு ஓடும் ஒரே ஒரு பழைய ஸ்கிரிப்டில் மட்டும் பாஸ்வேர்டோடு வருவதை அந்த நெடுவரிசைதான் காட்டிக்கொடுக்கும். மாதக் கடைசியில் மட்டும் ஓடுவது, வருடத்துக்கு ஒருமுறை ஓடுவது என்றும் உண்டு. ஒரு வாரத்து லாகைப் பார்த்துவிட்டு ‘யாரும் இல்லை’ என்று மூடியவர்கள் இவற்றிடம்தான் மாட்டுவார்கள்.

பெரிய சேவைகளும் இதைத் தவணையில்தான் செய்தன. நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப் தன் ஏபிஐயில் பாஸ்வேர்டை 2020 நவம்பர் 13 அன்று நிறுத்தியது. கிட் கட்டளைகளுக்கு 2021 ஆகஸ்ட் 13 வரை பொறுத்தது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் பேசிக்கை 2022 அக்டோபர் 1 முதல் படிப்படியாக அணைக்கத் தொடங்கியது. கிட்ஹப் நிரந்தரமாக மூடுவதற்கு முன் முன்கூட்டியே அறிவித்த நாட்களில் சில மணி நேரம் மட்டும் பாஸ்வேர்டை மறுத்துப் பார்த்தது. ‘பிரவுன்அவுட்’ என்பார்கள். அறிவிப்பு மின்னஞ்சலைப் பத்து முறை அனுப்பினாலும் படிக்காதவர், ஒரு மணி நேரம் 401 வந்தால் உடனே போனை எடுப்பார்.

சின்ன சேவைக்கும் இது ஒத்துவரும். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஆட்கள் மேசையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பழைய முறையை ஒரு மணி நேரம் அணையுங்கள். திருப்பியனுப்பும் 401ல் புதிய முறையின் பெயரை மட்டும் சொல்லுங்கள். உடன் வரும் செய்தியில் எங்கே பதிவு செய்ய வேண்டும் என்பதை எழுதுங்கள். பிறகு போன் பக்கத்தில் உட்காருங்கள். பட்டியலில் இல்லாத ஒருவர், நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு நிரலின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்த பாஸ்வேர்டை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பதை.